கிணற்று நீரும் வினைக் கொள்கையும்

நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைட்டு பெரும்பாலும் மனிதர் கொட்டிய கழிவு அல்ல. பாறையிலிருந்து கரைந்து வருவது. இலங்கையின் கண்டி நகரும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் நைஸ், சார்னோக்கைட், குவாட்சைட்டு, பளிங்குப் பாறை ஆகியவற்றால் ஆனவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. இவற்றிலுள்ள கறுப்பு மைக்காவான பயோடைட்டு, ஹோர்ன்பிளெண்ட், அபடைட்டு போன்ற கனியங்களில் ஐதரொட்சைட்டு இருக்கவேண்டிய இடத்தில் புளோரைட்டு அமர்ந்திருக்கும். இரண்டு அயன்களும் பருமனில் ஏறத்தாழ ஒன்று, மின்னேற்றத்தில் ஒன்றேதான். மழைநீர் வெடிப்புகளில் இறங்கி நெடுநாள் தங்கினால் புளோரைட்டு மெல்ல நீருக்கு வந்துவிடும். அந்த நீரில் கல்சியம் மிகுதியாக இருந்தால் புளோரைட்டு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கல்சியம் குறைந்து சோடியமும் பைகாபனேற்றும் மிகுந்தால் கரைசலிலேயே தங்கிவிடும்.

ஆனால் பாறை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கண்டிக் கிணறுகள் பெரும்பாலானவற்றில் புளோரைட்டு மிகக் குறைவு. பற்களைச் சூத்தையிலிருந்து காக்கும் அளவுகூட இல்லாத கிணறுகள் ஈர வலயத்தில் ஏராளம். ஓயாத மழை மண்ணையும் பாறையையும் கழுவிக்கொண்டே இருப்பதே காரணம். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி வழியே மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று வடக்கே போகப்போக மழை குறைகிறது, வெயில் ஏறுகிறது. அந்த உலர் வலயத்தில் நிலத்தடி நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்து புளோரைட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அநுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களில் பல கிணறுகள் குடிநீருக்கான எல்லையைக் கடந்தவை. ஒரே ஊரில் அடுத்தடுத்த வளவுகளின் கிணறுகள்கூட இதில் வேறுபடுகின்றன.

உலக சுகாதார அமைப்பு விதித்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கைத் தரநிலை அதை 1.0 ஆகக் குறைத்திருக்கிறது. வெப்ப நாட்டார் அதிகம் நீர் குடிப்பதால் 0.8-க்கு மேல் போகக்கூடாது என்று இலங்கைப் பிள்ளைகளை ஆராய்ந்த பல் மருத்துவ ஆய்வாளர்கள் 1992-இல் பரிந்துரைத்தனர். பாறையில் நடந்த அதே இடமாற்றம் பல்லிலும் நடக்கிறது: எனாமலின் கல்சியம் பொசுபேற்றில் ஐதரொட்சைட்டின் இடத்தைப் புளோரைட்டு பிடிக்கிறது. சிறிதளவு பல்லை உறுதியாக்கும். மிகுந்தால், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே எனாமலைக் கெடுக்கும். முளைக்கும் நிலைப் பல்லில் முதலில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்கோடுகள், கேடு கூடினால் பழுப்புக் கறை, பிறகு குழிகள். எந்தத் தேய்ப்பும் அந்தக் கறையைப் போக்காது. பல் உருவாகும் வயது கடந்தபின் அந்த ஊருக்குக் குடிவந்தவருக்கு இந்த அடையாளம் வராது. அங்கேயே பிறந்து வளர்ந்த குழந்தைக்கு வரும்.

எவரும் செய்யாத கேடு ஒரு குழந்தையின் வாயில் ஏன் எழுதப்படவேண்டும் என்ற கேள்வி இங்கே எழுகிறது. முற்பிறவி வினை என்பது கண்டிச் சீமையில் பௌத்தரும் சைவரும் எளிதாகச் சொல்லிவிடும் விடை. பௌத்த நூல்கள் அவ்வளவு எளிதாக அதற்கு இடங்கொடுப்பதில்லை. மனிதர் அனுபவிப்பது எல்லாமே பழைய வினைதானா என்று மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் (அலைந்து திரியும் துறவி) கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாற்றம் முதலிய எட்டுக் காரணங்களைப் புத்தர் அடுக்கியதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. அவற்றுள் வினை ஒன்று மட்டுமே. பிற்கால உரையாசிரியர்களும் வெப்பம், மழை போன்ற பௌதிக ஒழுங்கை உது நியாமம் என்று வகுத்து, அதைக் கம்ம நியாமத்திலிருந்து பிரித்தே வைத்தனர். பாறை கரைவது இந்த முதல் வகையில் அடங்கும்.

சைவ சித்தாந்தத்தின் வழி வேறு. அதன்படி மாயையும் கன்மமும் சடம். தாமாக எதையும் செய்யமாட்டா. வினைப்பயனை உயிருக்குச் சேர்ப்பவன் இறைவன். ஆகவே கிணற்று நீர் தரும் துன்பத்தையும் வினைப்பயன் என்றே சைவர் கொள்ளலாம். ஆனாலும் நோய்க்கு மருந்து தேடுவதை அந்தக் கொள்கை ஒருபோதும் தடுத்ததில்லை. அயலார் பிள்ளைக்கு வந்த கறையை அவன் வினை என்று சொல்லிக் கைகழுவுவது சித்தாந்தமாகாது. அது வெறும் அலட்சியம்.

இதைவிடக் கடினமான கேள்வி கிணறு தோண்டியவரைப் பற்றியது. கிணறும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தவரின் புண்ணியம் இரவும் பகலும் வளரும் என்பது பௌத்த மரபு. குளமும் கிணறும் தோண்டுவது தமிழ் மரபிலும் பேரறம். உலர் வலயத்தில் நல்லெண்ணத்தோடு இறக்கிய குழாய்க் கிணறுகள் பல, குடிக்க உதவாத நீரைத் தந்தன. சேதனையே, அதாவது எண்ணமே, வினை என்பதால் தோண்டியவருக்குப் பாவமில்லை. ஆனால் அறிந்தபின்? கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் பிக்குகள் ஏற்றிருக்கும் விநயத்தில், அதாவது துறவொழுக்க விதிகளில், இதற்கு நெருக்கமான ஒரு விதி உண்டு. உயிர்கள் உள்ள நீர் என்று அறிந்தும் அதைப் பயன்படுத்துவது குற்றம். அதனாலேயே பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டி ஒன்று. அறியாமல் செய்தால் அங்கே குற்றமில்லை. நீரிலுள்ள உயிருக்கு இத்தனை கவனம் உரியதென்றால், நீரைக் குடிக்கும் உயிருக்கு அதைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை.

அந்த அறிவு இப்போது இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர் சி.பி. திசாநாயக்கவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களிலேயே நாட்டின் நிலத்தடி நீர் இரசாயனத்தை வரைபடமாக்கிவிட்டனர். புளோரைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, துணியில் வடிகட்டினால் நீங்காது, கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடவே செய்யும். செங்கல் துண்டு நிரப்பிய வீட்டு வடிகட்டி, எலும்புக் கரி, எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரம், கூரையில் சேர்க்கும் மழைநீர் போன்றவை கைகொடுக்கும். கண்டியை அடுத்த பொல்கொல்லையிலிருந்து 1976 முதல் மகாவலி நீர் வடக்கே உலர் வலய வயல்களுக்குத் திருப்பப்படுகிறது. அந்த வயல்களுக்கு அருகிலேயே பல குடும்பங்கள் இன்னும் கிணற்று நீரைக் குடிக்கின்றன. புண்ணியம் கருதிக் கிணறு வெட்டுவோர், முதல் குடம் எடுக்குமுன் ஒரு போத்தல் நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். எல்லை கடந்திருந்தால் அது குடிநீருக்கு உதவாது என்று கிணற்றடியிலேயே எழுதிவைக்க வேண்டும்.