விதண்டாவாதம் பண்ணலாமா?

ஓம் சரவணபவ!



"விதண்டாவாதம் பண்ணாதடா!" வீட்டில் இந்தத் திட்டை வாங்காதவங்க நம்மில் யாராவது இருக்கோமா?

ரெண்டு வருஷம் முன்னாடி, தைப்பூசத்துக்கு அப்பா மாலை போட்டுப் பழனிக்கு நடக்கக் கிளம்பினார். நான் சும்மா இருக்காம, "முருகன் எல்லா இடத்திலும் இருக்கார்னா எதுக்குப்பா அவ்வளவு தூரம் நடக்கணும்?" என்றேன்.

"சரி, நீ வீட்டிலேயே உட்கார்ந்து கும்பிடுறியா?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் எதுக்குடா இந்த விதண்டாவாதம்?"

அப்பா அந்தச் சொல்லை எவ்வளவு சரியாகப் பயன்படுத்தினார் என்பது பிறகுதான் புரிந்தது. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கருத்தும் இல்லாமல், எதிராளி சொல்வதை உடைக்க மட்டுமே பேசுவது விதண்டை. அன்னைக்கு நான் பண்ணது அச்சு அசல் அதேதான்.

அப்போ கேள்வி கேட்பதே தப்பா? இல்லவே இல்லை. பிரணவத்துக்குப் பொருள் என்னன்னு பிரம்மாவையே கேட்டவன் நம் முருகன். ஆனால் அவனுக்குப் பொருள் தெரியும். அப்பா சிவபெருமான் கேட்டபோது குருவாக இருந்து உபதேசமும் செய்தான். சுவாமிமலையில் சுவாமிநாதனாக நிற்பது அதனால்தான்.

இன்னொரு வரலாறும் சொல்வார்கள். வில்லிபுத்தூரார் புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றவர்களின் காதை அறுத்துவிடுவாராம். அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாட, வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54-வது பாடலில் திணறி நின்றுவிட்டார். அருணகிரியார் தானே அதற்குப் பொருள் சொன்னார். காதை அறுக்கவில்லை. இனி யார் காதையும் அறுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நாம குரூப்ல என்ன பண்றோம்? பிள்ளையார் அண்ணனா, முருகன் அண்ணனான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை. கடைசியில் யாராவது ஒருத்தர் மனசு நொந்து வெளியேறிடுறாங்க. அதுவும் காதறுப்புதானே?

இந்த வருஷம் அப்பாவோடு நானும் நடந்தேன். ரெண்டாம் நாளே காலெல்லாம் கொப்புளம். ராத்திரி தங்கின இடத்தில் அப்பா என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். "எதுக்கு நடக்கணும்னு கேட்டியே, இப்ப என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. "வலிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த முறை பதில் டைப் பண்ணும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நமக்குன்னு சொல்ல ஏதாவது இருக்கா, இல்ல அடுத்தவங்க வாயை அடைக்க மட்டும்தானான்னு பாருங்க. ரெண்டாவதுன்னா அதை அழிச்சிட்டு, "முருகா"ன்னு ஒரு தரம் சொல்லிட்டுத் தூங்குங்க.

வேலும் மயிலும் துணை!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!