நுரையைப் பார்த்து நொந்தது போதும்!

"இந்த ஆத்தை இனி யார் வந்தாலும் திருத்த முடியாதுப்பா!" ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நின்று இப்படிச் சலித்துக்கொண்டு, நுரையைச் செல்போனில் படம் பிடித்துவிட்டு நடையைக் கட்டுகிறவனா நீ? அப்படியானால் இது உனக்குத்தான்.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சோப்புத்தூள் கலந்த தண்ணீர் கெலவரப்பள்ளி அணை மதகிலிருந்து விழுந்து அடிபடும்போது நுரை பொங்குகிறது. அடுத்து அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது கிருஷ்ணகிரி அணைக்கு. பழி போட எல்லைக்கு அப்பால் ஆட்கள் உண்டு, உண்மைதான். ஆனால் பழி போட்டு ஒரு சொட்டுத் தண்ணீராவது தெளிந்ததுண்டா?

தெளிய வைக்கும் வழி வேண்டுமா? சாக்கடையோரம் வளரும் சம்புப் புல்லைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார். கை வழுக்கும். அந்த வழுவழுப்பில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே செடி வேருக்கு ஆக்சிஜன் அனுப்புகிறது. அதை வாங்கிக்கொண்டு பாக்டீரியா அழுக்கை உடைத்துத் தின்கிறது. நல்ல தண்ணீர் வந்தால்தான் வளருவேன் என்று சம்பு அடம்பிடித்ததா?

பாக்டீரியாவின் இந்தப் பசியை மனிதனும் வேலைக்கு வைத்திருக்கிறான். வங்காளத்தில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை அமெரிக்காவில் உருவாக்கினார். 1972-ல் காப்புரிமை கேட்டபோது, உயிருள்ளதற்குக் கிடையாது என்று கைவிரித்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் தீர்ப்பு அவர் பக்கம்! 2017-ல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். அள்ளிய கசடைச் சிதைக்க இறக்கிவிட்டதும் பாக்டீரியாவைத்தான்.

ஒன்றை மறக்காதே. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை எந்த பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. சில செடிகள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அவற்றை மாட்டுக்குப் போடாமல், அறுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். விவரம் தெரியாத வேகம் ஊரைக் கெடுக்கும்.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலையா? உன் ஆலைக் கழிவு எங்கே போகிறது என்று கேள். கல்லூரியில் படிக்கிறாயா? உன் ஊர் ஏரித் தண்ணீரைப் பரிசோதித்துப் பார். வீட்டில் இருக்கிறாயா? பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவில் விடாமல், கொல்லையில் குழி வெட்டி, ஜல்லி நிரப்பி, கல்வாழை நடு. தென்பெண்ணையை ஒரே நாளில் திருத்த உன்னால் முடியாது. உன் வீட்டு அழுக்கு அதில் சேராமல் தடுக்க இன்றைக்கே முடியும். எழுந்திரு, கடப்பாரையை எடு!