சுவரைத் தட்டிப் பாருங்கள், வீட்டுக்காரரே!

"சார், பின்கட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறுது. பாப்பாவுக்கு இருமல் நிக்கவே இல்ல." குடித்தனக்காரர் இப்படிச் சொன்னதும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது எனக்கு மனப்பாடம்: "இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ஓதம் இல்லாம எப்படி இருக்கும்?"

போதும் ஐயா இந்தச் சாக்கு! இதே தீவில், நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற கோயில் ராயகோபுரத்தை அகோபில மடத்தின் 44-ஆம் ஜீயர் முதிர்ந்த வயதில் கையிலெடுத்தார். 1987-இல் அதுவே 236 அடி ராஜகோபுரமாக எழுந்து நின்றது. உங்களால் ஒரு பத்தடிச் சுவரைக் காயவைக்க முடியாதா? முடியும். எழுந்திருங்கள்!

அடைமழை விட்டதும் பெயிண்டரைக் கூப்பிட்டு டிஸ்டெம்பர் அடித்து மறைக்கிறீர்களே, அது பயந்தவன் வேலை. தண்ணீர் வரும் வழியை நேருக்கு நேர் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறதா? அடிமண் ஈரம் ஏறுகிறது; வீதியில் ரோட்டை மேலே மேலே போட்டு வீடு பள்ளமாகிவிட்டதா என்றும் பாருங்கள். கூரையையொட்டிக் கறையா? மொட்டைமாடித் தளமோ குழாயோ ஒழுகுகிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையா? பெரும்பாலும் காற்றோட்டக் குறைதான். சந்தேகம் தீரவில்லையா? சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் ஈரம் சுவரில் இருக்கிறது; வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்றில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் எதற்கு?

உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். ஜன்னல் வைக்க இடமில்லை. முற்றம்தான் வீட்டின் மூக்கு. அதை ஷீட் போட்டு அடைத்து, இன்னொரு போர்ஷன் இறக்கி வாடகை பார்த்தது யார்? செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். துணிந்து ஷீட்டைத் தூக்குங்கள் (மழைச்சாரலுக்குப் பயந்தால் உயர்த்தியாவது போடுங்கள்). சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, பங்குனி வெயிலில் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைப் பூசச் சொல்லுங்கள். தேடுகிறவனுக்கு அப்படியொரு கொத்தனார் கிடைப்பார்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழக வாடகைச் சட்டம் கட்டுமானப் பழுதையும் வெள்ளையடிப்பையும் உங்கள் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. பூஞ்சையை விட்டுவைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020-இல் மூச்சுக்கோளாறால் இறந்தான். அவன் பெயரில் வந்த சட்டப்படி, 2025 அக்டோபர் முதல் அங்கே சமூக வாடகை வீடுகளில் ஆபத்தான பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். நீங்கள் ஏன் அப்படியொரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும்?

இந்த ஞாயிற்றுக்கிழமையே குடித்தனக்காரரிடம் நேரம் கேளுங்கள். போய் அந்த பீரோவை நகர்த்திப் பாருங்கள்.