வேரோடு எடுக்கும் வேலை

தேயிலைத் தோட்டத்தில் கிழட்டுச் செடிகளை ஒரே நாளில் யாரும் பிடுங்கிப் போடுவதில்லை. ஒரு துண்டு மலையை மட்டும் வேரோடு எடுத்து, மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே புதுக்கன்று வைப்பார்கள். மற்ற மலைகளில் கொழுந்து பறிப்பு நிற்காது.

பெரிய திறமூல மென்பொருளிலும் பழைய நிரல் இப்படித்தான் போகிறது. 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபிஸுக்குள், எந்த இடத்திலிருந்தும் அழைக்கப்படாத செயற்கூறுகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றைப் பட்டியலிட்டு, புதிதாக வந்தவர்களிடமே முதல் வேலையாகக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் பட்டியல் ஏறக்குறையக் காலியானது. லினக்ஸ் இன்னும் துணிச்சலாக, 2012 டிசம்பரில் இன்டெல் 386 சில்லுக்கான ஆதரவையே நீக்கியது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே அந்தச் சில்லு பூட்டிய கணினியில்தான்! பாசம் பார்த்திருந்தால் அந்த நீக்கம் நடந்திருக்காது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி படிக்கும் தம்பி, தங்கைகளே, பெரிய மென்பொருள் என்று தயங்காதீர்கள். யாருக்கும் பயன்படாத ஒரு செயற்கூற்றைக் கண்டுபிடியுங்கள். நீக்கி, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, திருத்தத்தை அனுப்பிவையுங்கள்.