3.9 கிராம்

கொக்கெய்ன் தூளில் ஆப்ப சோடாவும் தண்ணீரும் கலந்து காய்ச்சினால் கட்டி கட்டியாக உறையும். அதற்குப் பெயர் கிராக். இரண்டிலும் இருக்கும் போதை ஒன்றேதான். தூளை மூக்கால் உறிஞ்சுவார்கள், கட்டியைப் புகைப்பார்கள். புகை சட்டென்று தலைக்கேறும். அமெரிக்கச் சட்டம் மட்டும் இரண்டுக்கும் இரண்டு தராசு வைத்தது. 5 கிராம் கிராக்குடன் விற்பனைக் குற்றத்தில் சிக்கினால் குறைந்தது 5 ஆண்டு சிறை. தூளாக இருந்தால் அதே 5 ஆண்டுக்கு 500 கிராம் வேண்டும். 10 ஆண்டுக்குரிய அளவு கிராக்கில் 50 கிராம், தூளில் 5 கிலோ.

இந்தக் கணக்கு 1986-இல் பிறந்தது. அந்த ஜூனில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்த இரண்டாம் நாள், கொக்கெய்னால் இறந்தார். கிராக்தான் கொன்றது என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் அவர் உட்கொண்டது தூள். அக்டோபரிலேயே சட்டம் கையெழுத்தாகிவிட்டது. துக்கத்தின் சூட்டில் எழுதிய சட்டத்துக்கு ஆறப்போட்டு யோசிக்க அவகாசம் ஏது? 1995-இல் தண்டனை அளவுகளை வகுக்கும் அரசு ஆணையமே இந்த நூறு மடங்கு வித்தியாசம் வேண்டாம் என்றது. நாடாளுமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர்.

2010 ஆகஸ்ட் 3 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் 5 கிராமை 28 ஆகவும், 50 கிராமை 280 ஆகவும் உயர்த்தியது. தூளின் அளவில் கை வைக்கவில்லை. நூறு மடங்கு பதினெட்டு மடங்கானது. பதினெட்டுக்கு வேதியியலில் ஆதாரம் தேட வேண்டாம். இரண்டும் சமம் என்றவர்களுக்கும் ஒப்பாதவர்களுக்கும் நடுவே பேரம் படிந்த இடம் அது.

சரி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்? இங்கே 1871-ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டம் குறுக்கே வந்தது. தண்டனையைக் குறைத்துப் புதுச் சட்டம் வந்தாலும், பழைய குற்றத்துக்குப் பழைய தண்டனையே நிற்கும்; அப்படியல்ல என்று புதுச் சட்டம் காட்டினால்தான் விலக்கு. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. குற்றம் முன்பு நடந்திருந்தாலும், தண்டனை அறிவிக்கப்பட்ட நாள் 2010 ஆகஸ்ட் 3-க்குப் பிந்தியதாக இருந்தால் புதிய அளவு பொருந்தும் என்றது. அப்படியானால் ஜூலையில் தண்டனை பெற்றவர்? அவருக்குப் பழைய தராசேதான். வழக்கு மெல்ல நகர்ந்தவர் பிழைத்தார், சுறுசுறுப்பான நீதிமன்றத்தில் அகப்பட்டவர் மாட்டிக்கொண்டார்.

2010 சட்டம் வந்து எட்டு ஆண்டு கழித்து, 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டத்தின் 404-ஆம் பிரிவு இவர்களுக்கும் வழி திறந்தது. தண்டனை விதித்த நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். மூவாயிரத்துக்கும் அதிகமானோருக்குத் தண்டனை குறைந்தது. ஆனால் யார் மனுப் போடலாம் என்பதைச் சட்டம் ஒரே சொற்றொடரில் வைத்திருக்கிறது: எந்தக் குற்றத்துக்கான தண்டனையை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியதோ, அந்தக் குற்றத்தைச் செய்தவர். படிக்கும்போது எளிதாகத் தெரியும் இந்த வரியில்தான் சிக்கல்.

கிராக் விற்றவர்களுக்கான தண்டனை மூன்று படிகளில் இருக்கிறது. அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் 50 கிராமும் அதற்கு மேலும் அ. ஐந்திலிருந்து 50-க்குள் ஆ. இ பிரிவுக்குக் கீழ்வரம்பே இல்லை; எவ்வளவு சிறிய அளவானாலும், ஒருநாள்கூடச் சிறை இல்லை என்பதிலிருந்து 20 ஆண்டுவரை நீதிபதி தரலாம். 2010-இல் மாறியவை அ, ஆ இரண்டின் எல்லைகள். இ பிரிவில் அன்றும் 20, இன்றும் 20.

ஃபுளோரிடாவில் ஒருவர் 2008-இல் 3.9 கிராம் கிராக்குடன் பிடிபட்டார். இ பிரிவு. பழைய வழக்குகளும் இருந்ததால் தொடர் குற்றவாளி என்ற கணக்கில் 188 மாதம், அதாவது 15 ஆண்டு 8 மாதம். 404-ஐ நம்பி அவர் மனுப் போட்டார். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. உங்கள் பிரிவின் தண்டனையில் எதுவும் மாறவில்லையே, பிறகு எதைக் குறைப்பது? கையில் 50 கிராம் வைத்திருந்தவர் மனுப் போடலாம்; நாலு கிராம்கூட இல்லாதவர் போடக்கூடாது. எழுத்தின்படி தீர்ப்பு சரிதான் என்றே எனக்கும் படுகிறது. சட்டத்தை எழுதியவர்கள்தான் கடைசிப் படியில் நின்றவரைப் பார்க்கவில்லை. அரசுத் தரப்பே கடைசி நேரத்தில் இவர் பக்கம் சாய்ந்திருந்தது. தீர்ப்பு வந்தபோது அவருடைய தண்டனையே முடியும் தறுவாயில் இருந்தது. தீர்ப்போடு உடன்பட்டுத் தனியாக எழுதிய நீதிபதி சோட்டோமயோர், இதைச் சரிசெய்வது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்றார். அந்தச் செப்டம்பரிலேயே தூளையும் கட்டியையும் சமமாக்கும் மசோதா கீழவையில் 361-க்கு 66 என்று நிறைவேறியது. செனட்டில் அப்படியே நின்றுவிட்டது.

தகுதி கிடைத்தாலும் தண்டனை தானாகக் குறைந்துவிடாது. 2009-இல் 19 ஆண்டுத் தண்டனை பெற்ற வேறொருவருக்கு 404-இன்படி தகுதி இருந்தது. தொடர் குற்றவாளி என்ற முத்திரை இன்றைய விதிகளின்படி தனக்குப் பொருந்தாது, சிறையில் திருந்தியும் இருக்கிறேன் என்றார். கீழ் நீதிமன்றம் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இத்தகைய வாதங்களை நீதிபதி காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும் என்றது. கேட்டபின் ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். முழுமையாக ஆராய்ந்து மறுத்துவிட்டாரானால், 404-இன் கீழ் இரண்டாவது மனு கிடையாது.