இடுக்கில்தான் வித்தை

மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் ஒளி அநேகமாக வந்த நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஒன்று என்கிற அளவில்தான் ஒளித்துகள் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, நிறம் சற்றே மாறி வெளியேறும். 1928இல் கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது இதைத்தான். அணுப் பிணைப்புகள் அதிரும் வேகம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுவதால், நிறமாற்றத்தை அளந்தாலே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தில் எங்கோ ஒன்றிரண்டாகக் கிடக்கும் பொருளுக்குக் கோடியில் ஒன்று எந்த மூலைக்கு?

1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வேதியியலாளர் ஃபிளைஷ்மனின் குழுவினர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடீன் என்ற வேதிப்பொருளிடமிருந்து நல்ல வலுவான ராமன் ஒளியைப் பெற்றார்கள். பரப்பு கூடியதால் நிறைய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் தவறு. ஒளி லட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது, அதைப் பரப்புக் கணக்கால் சரிக்கட்ட முடியாது என்று 1977இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

பெருக்குவது உலோகம்தான். அதில் கட்டில்லாமல் திரியும் எலெக்ட்ரான்கள், ஒளியின் தாளத்துக்குத் தாம்பாளத்து நீர்போலத் தளும்புகின்றன. தாளம் பொருந்திவிட்டால் உலோகத் துகளின் ஓரத்தில் மின்புலம் பொங்கும். இரண்டு துகள்கள் ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியில் நின்றால், அந்த இடுக்கில் இன்னும் அதிகம். அங்கே மின்புலம் நூறு மடங்கானால் உள்ளே வரும் ஒளி பத்தாயிரம் மடங்கு, வெளியேறும் ஒளியும் ஏறக்குறைய அதே மடங்கு. பெருக்கினால் பத்துக் கோடி.

இடுக்கு உருவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தங்க நானோ துகள் மிதக்கும் நீர் மாதுளைச் சாறு நிறத்தில் இருக்கும். உப்புக் கரைசலைச் சொட்டுங்கள். துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னேற்றம் மங்க, அவை நெருங்கும்; சிவப்பு ஊதாவாகி நீலத்துக்குப் போகும். உப்பு கொஞ்சம் கூடிவிட்டால் எல்லாம் திரண்டு அடியில் படிந்துவிடும்.

மருத்துவத்துக்குக் கொண்டுபோகும்போது சிக்கலும் இதே இடுக்கில்தான். டி.என்.ஏ.வில் உள்ள அடினின் வெள்ளியில் தானாகவே ஒட்டிக்கொள்ளும், குளுக்கோஸ் ஒட்டாது. அதைப் பிடித்து வைக்க வேதியியலாளர் வான் டைனின் குழுவினர் வெள்ளியின்மேல் கரிமச் சங்கிலிகளால் ஒரு மெல்லிய விரிப்பே போட வேண்டியிருந்தது. ரத்தத்திலோ, தேடும் பொருள் வந்து சேருமுன் புரதங்கள் இடம் பிடித்துவிடும்.

ஒற்றை மூலக்கூறைக் கண்டதாக 1997இல் வந்த புகழ்பெற்ற ஆய்வுகள்கூடச் சாயங்களை வைத்துச் செய்தவை. உலோகத்தில் நன்றாக ஒட்டுகிறவை. அப்படியொரு செய்தியைப் படித்தால் நான் முதலில் தேடுவது, மூலக்கூறு எங்கே நின்றது என்பதை. இடுக்கைவிட்டுச் சில நானோமீட்டர் தள்ளி நின்றிருந்தால் அது கருவியின் கண்ணில் பட்டிருக்காது.