தெய்வம் குடிபெயருமா?

அமெரிக்க இறையியலாளர் ஹார்வி கொக்ஸ் 1965இல் வெளியிட்ட 'மதச்சார்பற்ற நகரம்' என்ற நூலில் துணிச்சலான ஒரு வாதத்தை வைத்தார். 1947இல் நியூயோர்க்குக்கு வெளியே லெவிற்றவுண் என்ற புறநகர் எழத் தொடங்கியிருந்தது. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. பழைய நகரங்களை விட்டுக் குடும்பங்கள் தெருத்தெருவாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் வேர்விடாத வாழ்க்கை பக்தியைக் கெடுக்கும் என்று பலரும் அஞ்சியபோது கொக்ஸ் அதை மறுத்தார். இஸ்ரவேலரின் கடவுள் மக்களோடு கூடவே நடந்தவர், கானானின் பாகால்களோ மண்ணோடு கட்டுண்ட தெய்வங்கள். ஆகவே இடம் மாறும் நகரவாசி வேதத்துக்கு அந்நியன் அல்ல என்றார். திருகோணமலைக்கு வடக்கே உள்ள குச்சவெளியிலிருந்து பார்க்கும்போது இந்த வாதம் பாதிதான் தேறுகிறது. நிலாவெளிக்கு வடக்கே புல்மோட்டை வரை நீளும் இந்தக் கரையில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் அடுத்தடுத்து இருக்கின்றன. போரிலும் 2004 சுனாமியிலும் இங்குள்ளவர்கள் தம் விருப்பத்துக்கு மாறாகவே இடம்பெயர்ந்தார்கள். மக்கள் போன பிறகு அந்த இடத்துக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைக் கொக்ஸ் கேட்கவே இல்லை.

அவர் கேட்காத அந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. பொஸ்டன் நகரின் டோர்செஸ்டர், ரொக்ஸ்பரி பகுதிகளை ஆராய்ந்த ஜெரால்ட் காம், யூதர்கள் ஏன் முதலில் வெளியேறினார்கள், கத்தோலிக்கர் ஏன் நெடுநாள் தங்கினார்கள் என்று 1999இல் ஒரு நூல் எழுதினார். அவர் காட்டும் காரணங்களில் முதன்மையானது சமய ஒழுங்கு. யூதரின் தொழுகைக்கூடம் உறுப்பினர்களின் சொத்து. ரபியை அமர்த்துவதும் அவர்களே. கட்டடத்தை விற்றுவிட்டுத் தோராச் சுருளை எடுத்துக்கொண்டு புறநகருக்குப் போக அவர்களுக்குத் தடை ஏதுமில்லை. கத்தோலிக்கப் பங்கு அப்படியல்ல. அதன் எல்லையை வகுப்பவர் ஆயர். எந்த எல்லைக்குள் குடியிருக்கிறீர்களோ அந்தப் பங்கே உங்களுடையது. ஆட்கள் மாறினாலும் கோவில் அங்கேயே நிற்கும். இவ்வளவோடு நிறுத்தினால் பங்கு முறையே மேல் என்று தோன்றும். ஆனால் 1966 ஓகஸ்ட் 5ஆம் திகதி சிக்காகோவின் மார்கெட் பார்க்கில் வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் விழுந்தது. எறிந்த கூட்டத்தில் கத்தோலிக்கர் பலர் இருந்தார்கள். ஊர்வலத்தில் வந்த கன்னியாஸ்திரிகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மக்களை மண்ணோடு பிணைத்த அதே பற்று, வேறு தோல் நிறத்தவர் பக்கத்து வீட்டுக்கு வரக்கூடாது என்றும் கை ஓங்கியது. போனவர்கள் எஞ்சியவர்களை மறந்தார்கள், தங்கியவர்கள் வருபவர்களை விரட்டினார்கள்.

இதில் சமயத்துக்கு என்ன வேலை, புறநகரைக் கட்டியது அரசின் பணமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம் பெரும்பாலும் வெள்ளையர் பகுதிகளின் கடனுக்கே உத்தரவாதம் கொடுத்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற உறுதி நிபந்தனைகளை நீதிமன்றங்கள் 1948 வரை அமுல்படுத்தி வந்தன. சிக்காகோ சமூகவியலாளர்கள் இந்த மாற்றங்களைச் செடிகளின் படையெடுப்பைப் போல இயற்கை நிகழ்வாக எழுதியது, அரசும் நீதிமன்றமும் இட்ட இந்தக் கையொப்பங்களை எல்லாம் மறைத்துவிட்டது. வாசலைத் திறந்தது அரசு. யார் முந்தி வெளியேறுவது, யார் கடைசிவரை நிற்பது என்பதில் வழிபாட்டின் விதிகளும் பேசின. நான் கணக்கில் எடுப்பது அந்தச் சிறிய இடத்தைத்தான்.

திருகோணமலையின் சைவ மரபு, போவது, தங்குவது என்ற இந்த இரு வழிகளையும் தாண்டிச் சிந்தித்திருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். காப்பாற்றப்பட்ட மூர்த்தி தம்பலகாமத்துக்குப் போனதென்றும், அங்குள்ள ஆதிகோணேசர் கோயில் அப்படி எழுந்ததென்றும் மரபு சொல்கிறது. தெய்வம் குடிபெயர்ந்துவிட்டது, ஆனால் பழைய கோயில் நின்ற சுவாமி மலையை யாரும் கைகழுவவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், கோட்டைக்குள் அடைபட்டிருந்த அந்தப் பாறையிலும் பூசை நடந்தது. 1950இல் நிலத்தைத் தோண்டியபோது புதைத்து வைத்த விக்கிரகங்கள் கிடைத்தன. 1963இல் மலைமேல் குடமுழுக்கு நடந்தது. அதனால் தம்பலகாமத்துக் கோயில் மூடப்படவும் இல்லை. திருப்பணிக் காலத்தில் மூர்த்தியின் சக்தியைப் பாலாலயத்துக்கு மாற்றி, பிறகு திரும்ப அழைக்கும் ஆகம முறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. எழுந்தருளச் செய்யலாம், பழைய இடத்தின் கடன் மட்டும் தீராது. இஸ்லாத்திலும் இதையொத்த ஒன்று உண்டு. பூமி முழுவதும் தொழுமிடம் என்று போதிக்கும் மார்க்கமே, பள்ளிவாசலுக்கு வக்பு செய்த நிலத்தை விற்கக்கூடாது என்று ஷாபிஈ மத்ஹபில் (சட்ட மரபில்) வலியுறுத்துகிறது.

ஆகவே புனிதத் தலம் என்பது வழிபடுவோர்மேல் விழும் கடமை. பிறரை வெளியேற்றக் கையில் எடுக்கும் காணி உறுதி அல்ல. இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று: குடியிருந்து பூசை செய்பவர்களிடமே தலத்தின் உயிர் இருக்கிறதென்றால், அவர்களை அடித்துத் துரத்துபவன் தலத்தையும் வென்றுவிடுவானே? இல்லை. கடமையைத் தானாகக் கைவிட்டவரும் அதைச் செய்யவிடாமல் தடுக்கப்பட்டவரும் ஒன்றல்ல. 1980களில் போரால் இதே கரையிலுள்ள திரியாயை விட்டு ஓடியவர்களின் கடன் அகதி முகாமிலும் அவர்களோடுதான் இருந்தது. திரும்பி வரும் உரிமை அந்தக் கடனிலிருந்தே பிறக்கிறது.

பழைமையை வைத்து உரிமை கோரும் வாதம் இதைவிடப் பலவீனமானது. குச்சவெளிப் பாறையில் புத்தநிலை வேண்டும் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது, திரியாயில் கிரிஹண்டு சேயம் இருக்கிறது, பௌத்தம் இங்கே வேரூன்றியிருந்தது உண்மை. அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திரியாய் ஐதிகம் என்ன சொல்கிறது? தபஸ்ஸு, பல்லிகர் என்ற வணிகர்கள் புத்தரின் கேசதாதுவைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள் என்கிறது. வழிப்போக்கர் சுமந்துவந்த தாதுவின் பெயரால் அயலவரின் வயலுக்கு எல்லைக்கல் போடுவது விசித்திரம். கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் செயலணி அமைக்கப்பட்டபோது, கல்லைக் காப்பதும் காணியைப் பிடிப்பதும் ஒன்றாகக் குழப்பப்பட்டன.

இதே அளவுகோல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். ரொறன்ரோவின் புறநகர்களில் தமிழர் கட்டிய கோயில்களுக்குப் பக்தர்கள் நெடுஞ்சாலை வழியே காரில் வருகிறார்கள். சுற்றியிருக்கும் தெருவோடு அந்தக் கோயில்களுக்கு உறவு குறைவு. அது குற்றமல்ல, பெயர்ந்துபோன எவருக்கும் முதலில் அமைவது அப்படித்தான். சிக்கல் பிறந்த ஊரில் எழுகிறது. வெளிநாட்டுப் பணத்தில் கோபுரம் உயர்கிறது, அதன் நிழலில் குடியிருக்க ஆளில்லை, ஐயர் வந்து ஒருகாலப் பூசை செய்துவிட்டுப் போகிறார். சுனாமிக்குப் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தபோது, கடலையும் கோயிலையும் விட்டு மீனவர் உள்ளே தள்ளப்படும் நிலை வந்தது. அப்போது தேவைப்பட்டது மீன்வாடிக்கு இடமும் கரைக்கு ஒரு பாதையும்தான். ஊர்க்கோயிலுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு கிணற்றுக்கும் பாடசாலைக்கும் காணி வழக்குக்கும் போனால், அதுவும் திருப்பணிக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டியது.